பி.ஏ. பொருளியல் சேரப்போகும் உன் மகளுக்காக

அன்புள்ள சேகருக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை டாக்டர் சொன்ன நாள்வரை விடாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம்.

மகள் பி.ஏ. பொருளியலில்தான் சேருவேன் என்று நிற்கிறாள், பி.காம். கிடைக்காதவர்கள் போகிற படிப்பு என்று வீட்டில் பேச்சு ஓடுகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. அவள் தேர்ந்தெடுத்தது நல்ல பாடம். ஆனால் அதை இரண்டு விதமாகப் படித்து முடிக்கலாம். ஐந்து மார்க், பத்து மார்க் கேள்விகளுக்கு நோட்ஸை மனப்பாடம் செய்து ஆறு செமஸ்டரையும் தாண்டிவிடலாம். இல்லையென்றால் முதல் செமஸ்டரிலிருந்தே கணக்கையும் புள்ளியியலையும் கூடவே கொண்டுபோகலாம். கையில் வரும் பட்டம் இரண்டுக்கும் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு போகக்கூடிய தூரம் வேறு.

தொடக்கம் நுண்ணினப் பொருளியல். ஒரு வீடு, ஒரு கடை, ஒரு சந்தை எப்படி முடிவெடுக்கிறது என்பது அதன் பேச்சு. தேவை, அளிப்பு, ஒரே அளவு திருப்தி தரும் பொருள் சேர்க்கைகளைக் காட்டும் சமநோக்கு வளைகோடு, உற்பத்திச் செலவு, ஒரே விற்பனையாளர் சந்தையைப் பிடித்துவைக்கும் முற்றுரிமை என்று வரிசையாக வரும். இதில் தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்ற ஒன்றை நன்றாகப் பிடித்துக்கொண்டால் பாதிப் பாடம் வசமாகிவிடும். தக்காளியை எடுத்துக்கொள். ஒரு சந்தைக்கு 100 பெட்டி வருகிறது, பெட்டி 400 ரூபாய், மொத்தம் 40,000. அடுத்த பருவம் மழை நன்றாகப் பெய்து 120 பெட்டி வருகிறது. அத்தனையும் விற்றுத்தீர விலை 200-க்கு இறங்க வேண்டியிருக்கிறது என்று வை. இப்போது மொத்தம் 24,000. விளைச்சல் 20 சதவீதம் கூடியும் விவசாயிகளுக்கு வந்த பணம் 40 சதவீதம் குறைந்துவிட்டது. விலை 50 சதவீதம் இறங்கியபோது வாங்கும் அளவு 20 சதவீதம்தான் கூடியது, 20-ஐ 50-ஆல் வகுத்தால் நெகிழ்ச்சி 0.4. மலிவாகக் கிடைக்கிறது என்று எந்த வீட்டிலும் ரசத்துக்கு இரண்டு மடங்கு தக்காளி போடுவதில்லை, வாங்கி அடுக்கினால் அழுகிவிடும்.

இதைவிட நுட்பமான இடம் அடுத்தது. விளைச்சல் கூடினால் எல்லோருக்கும் நஷ்டம் என்றால் ஏன் ஒவ்வொரு விவசாயியும் அதிகம் விளைவிக்கவே பார்க்கிறார்? ஏனென்றால் ஒருவர் மட்டும் பத்துப் பெட்டி கூடுதலாகக் கொண்டுவந்தால் சந்தை விலை அசையாது, அவருக்கு லாபம்தான். எல்லோரும் சேர்ந்து கொண்டுவரும்போதுதான் விலை சரிகிறது. தனி ஆளுக்குச் சரியான கணக்கு மொத்தத்துக்குப் பொருந்தாமல் போகிற இந்த இடத்தை உணர்ந்த மாணவிக்குப் பேரினப் பொருளியல் வரும்போது திகைப்பு இருக்காது.

நுண்ணினத்தில் ஆண்டுதோறும் மாணவர்கள் மார்க் இழக்கிற இடம் ஒன்று உண்டு. தக்காளி விலையே மாறினால் அதே தேவை வளைகோட்டின் மீது மேலும் கீழும் நகர்கிறோம். வருமானமோ வேறு பொருளின் விலையோ மாறினால் வளைகோடே இடம் பெயர்கிறது. இந்த வேறுபாடு குழம்பினால் "விலை ஏறியதால் தேவை குறைந்தது, தேவை குறைந்ததால் விலை இறங்கியது" என்று வட்டமடித்து எழுதிவிடுவார்கள். படம் வரையும்போது அச்சுகளில் எது விலை, எது அளவு என்று எழுதிவிட்டே கோடு போடப் பழகட்டும்.

பேரினப் பொருளியல் நாட்டையே ஒன்றாக வைத்துப் பார்ப்பது: மொத்த உற்பத்தி, விலைவாசி, வேலையின்மை, வட்டி. 1929-இல் தொடங்கிய பெருமந்தமும் அதற்குப் பிறகு 1936-இல் ஆங்கிலேயப் பொருளியலாளர் கெய்ன்ஸ் எழுதியதும்தான் இதைத் தனிக் கிளையாக நிறுத்தின. இங்கே அளவீடுதான் உயிர். திருப்பூர் பனியனை வைத்து ஜிடிபி-யை, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பைச் சொல்லிக்கொடு. 100 ரூபாய் பஞ்சு, 180 ரூபாய் நூலாகிறது, 260 ரூபாய் துணியாகிறது, 400 ரூபாய் சட்டையாகிறது. நான்கையும் கூட்டினால் 940, தவறு. பஞ்சின் விலை நூலுக்குள்ளும் துணிக்குள்ளும் சட்டைக்குள்ளும் திரும்பத் திரும்ப எண்ணப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் கூடிய மதிப்பை மட்டும் கூட்டு: 100, 80, 80, 140. விடை 400, கடைசிச் சட்டையின் விலையேதான்.

வேலையின்மை விகிதமும் அப்படித்தான் பலரை ஏமாற்றும். வயதுவந்தோர் 100 பேரில் வேலை செய்பவர், தேடுபவர் இருவரும் சேர்த்து 60 பேர். அதில் வேலை கிடைக்காமல் தேடுபவர் 3 பேர் என்றால் விகிதம் 5 சதவீதம், 3 அல்ல. வகுக்கிற எண் 60. அந்த மூவரில் ஒருவர் சலித்துப்போய்த் தேடுவதையே விட்டுவிட்டால் கணக்கு 59-இல் 2 ஆகி விகிதம் 3.4-க்கு இறங்கிவிடும். யாருக்கும் புதிதாக வேலை கிடைக்கவில்லை. எண் மட்டும் அழகாகிவிட்டது. அதனால் இந்த விகிதத்தை உழைப்பாளர் பங்கேற்பு விகிதத்தோடு, அதாவது வயதுவந்தோரில் வேலை செய்பவரும் தேடுபவரும் எத்தனை சதவீதம் என்பதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். செய்தித்தாள்களே இதைத் தவற விடும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

சதவீதமும் சதவீதப் புள்ளியும் இன்னொரு குழி. ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் ரெப்போ வட்டியை 6.5-லிருந்து 6-ஆகக் குறைத்தால் அது அரை சதவீதப் புள்ளி; சதவீதக் கணக்கில் 7.7 குறைவு. சம்பளம் 15,000-லிருந்து 16,200 ஆனால் 8 சதவீத உயர்வு. அந்த ஆண்டு விலைவாசி 6 சதவீதம் ஏறியிருந்தால் உண்மை உயர்வு 2 சதவீதம்கூட இல்லை, 1.9-தான். பணமும் வங்கியும் என்ற தாளில் இதெல்லாம் விரிவாக வரும். 2016-இல் விலைவாசி உயர்வுக்கு 4 சதவீதம், மேலும் கீழும் 2 புள்ளி என்று இலக்கு வைத்து ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழுவிடம் வட்டியை ஒப்படைத்தது ஏன் என்று அவள் கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும். 2012-ஐ அடிப்படையாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் உணவுக்கும் பானங்களுக்கும் மட்டும் 100-இல் 45.86 பங்கு இருந்தது. வெங்காய விலையை வட்டி விகிதத்தால் எவ்வளவு தூரம் அடக்க முடியும் என்பது இன்னும் சூடான விவாதம்.

பொது நிதி என் மனதுக்கு நெருக்கமான கிளை. அரசின் வரி, செலவு, கடன். பற்றாக்குறை ஒரு வருடத்துக் கணக்கு, கடன் பல வருடப் பற்றாக்குறை சேர்ந்த இருப்பு; இரண்டையும் ஒன்றாகப் பேசுபவர்களை நீ தினமும் தொலைக்காட்சியில் பார்க்கலாம். மத்திய, மாநில நிதிப் பகிர்வு நமக்கு நேரடியாகப் படுகிற விஷயம். இந்தப் பகிர்வைப் பரிந்துரைப்பது நிதிக்குழு. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு 15-ஆவது நிதிக்குழு பகிர்ந்துகொள்ளும் வரித்தொகுப்பில் 41 சதவீதத்தை மாநிலங்களுக்கு ஒதுக்கியது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதமாக இருந்தது. அதாவது தொகுப்பின் 100 ரூபாயில் நமக்கு வந்தது ஏறக்குறைய 1 ரூபாய் 67 காசு. குறிப்பிட்ட நோக்கத்துக்கு வாங்கும் செஸ், வரியின் மேல் போடும் கூடுதல் வரி இரண்டும் அந்தத் தொகுப்புக்குள்ளேயே வராது. பங்கைத் தீர்மானிக்க அந்தக் குழு வைத்த அளவுகோல்களின் எடை 100-இல் இப்படி: மாநிலம் தலா வருமானத்தில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற வருமான இடைவெளிக்கு 45, மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு 12.5, காடும் சூழலும் 10, வரி முயற்சிக்கு 2.5. எந்த எடையை மாற்றினால் எந்த மாநிலத்துக்கு என்ன ஆகும் என்று எக்செல்லில் அவளே போட்டுப் பார்க்கலாம். ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை, ஆனால் ஒரு செமஸ்டர் நோட்ஸுக்குச் சமம்.

நாடுகளுக்கிடையிலான வணிகத்தைப் பேசும் பன்னாட்டுப் பொருளியலுக்கு ஆங்கிலேயப் பொருளியலாளர் ரிக்கார்டோ 1817-இல் சொன்ன கணக்கே போதுமான வாசல். துணிக்கு இங்கிலாந்தில் 100 ஆள் உழைப்பு, போர்ச்சுகலில் 90. ஒயினுக்கு 120, 80. போர்ச்சுகல் இரண்டிலும் கெட்டி. இருந்தும் அது ஒயினைச் செய்து துணியை வாங்குவதே இருவருக்கும் லாபம் என்பதை ஆசிரியர் சொல்லுமுன் அவள் தானே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும். பொருளியல் சிந்தனை வரலாறு என்றும் ஒரு தாள் இருக்கும். பெயரும் ஆண்டும் மனப்பாடம் செய்தால் கசக்கும், யார் யாருக்குப் பதில் சொன்னார் என்று படித்தால் இனிக்கும்.

வளர்ச்சிப் பொருளியலுக்கு நம் மண்ணிலேயே பெரிய மரபு இருக்கிறது. கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்தார். மாணவர்களிடம் கேள்விப் பட்டியலைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊர் போகும்போது சொந்த ஊரையே ஆய்வு செய்துவரச் சொன்னார். இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி, பாலக்குறிச்சி, வடமலாபுரம் எல்லாம் அப்படிப் பதிவான கிராமங்கள். தொகுப்பு 1918-இல் வந்தது. பிறகு 1930-களிலும் அதற்கப்புறமும் ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறார்கள். யார் கையில் நிலம் இருந்தது, கூலி என்ன, யார் ஊரைவிட்டுப் போனார்கள் என்று தலைமுறை தலைமுறையாகத் தொடரக்கூடிய பதிவு அபூர்வம். தொடங்கி வைத்தவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதை அவளிடம் மறக்காமல் சொல்.

கடைசியாக, பெரும்பாலானோர் பயந்து ஒதுங்குகிற பொருளாதார அளவையியல். காரணம் எது, கூடவே நடந்தது எது என்று பிரிக்கிற கலை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் செய்த ஆய்வைப் பார். அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05-ஆக உயர்த்தியது. வேலை குறையும் என்பது பாடப்புத்தகக் கணிப்பு. நியூஜெர்சியை மட்டும் முன்னும் பின்னும் பார்த்தால் போதாது, ஏனென்றால் அதே சமயம் வட்டாரத்துப் பொருளாதாரமே மந்தமாக இருந்தது. அதனால் கூலி மாறாத பக்கத்து மாநிலம் பென்சில்வேனியாவையும் சேர்த்து 410 துரித உணவுக் கடைகளை எடுத்தார்கள். கடைக்குச் சராசரி ஊழியர் எண்ணிக்கை, முழுநேரக் கணக்கில், நியூஜெர்சியில் 20.44-லிருந்து 21.03 ஆனது, பென்சில்வேனியாவில் 23.33-லிருந்து 21.17-ஆகக் குறைந்தது. முதல் மாற்றத்திலிருந்து இரண்டாவதைக் கழித்தால் சுமார் 2.75 கூடுதல். வேலை குறைந்ததற்கு அடையாளம் இல்லை. சம்பளப் பதிவேடுகளை வைத்து வேறு இருவர் இதை மறுத்து எழுதினார்கள், இவர்கள் பதிலும் எழுதினார்கள். கார்டுக்கு 2021-இல் நோபல் பரிசு. பார், மொத்தக் கணக்கும் மூன்று கழித்தல்தான். கடினம் கழித்தலில் இல்லை. சரியான ஒப்பீட்டைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

இனி நடைமுறை. ப்ளஸ் டூவில் கணிதமோ வணிகக் கணிதமோ படித்திருந்தால் நல்லது. இல்லையென்றாலும் கல்லூரி திறப்பதற்குள் மூன்றை முடிக்கச் சொல்: நேர்கோட்டுச் சமன்பாடும் சாய்வும், மடக்கை, எளிய வகையீடு. இறுதிநிலைச் செலவு (இன்னும் ஒன்று செய்ய ஆகும் கூடுதல் செலவு), இறுதிநிலைப் பயன்பாடு (இன்னும் ஒன்று நுகர்ந்தால் வரும் கூடுதல் திருப்தி) எல்லாமே வகையீடுதான். அது தெரியாதவர்களுக்கு ஒவ்வொன்றும் தனித்தனி வரையறையாகக் கனக்கும். முதல் வருடத்துக்குள் பகுதி வகையீடும், ஒரு கட்டுப்பாட்டுக்குள் சிறந்த அளவைக் கண்டுபிடிக்கும் லக்ராஞ்சி முறையும், இரண்டாம் வருடம் நிகழ்தகவு, கூறெடுப்பு, கருதுகோள் சோதனை, தொடர்புப்போக்கு (ரிக்ரஷன்). கணினியில் முதலில் எக்செல், பிறகு ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள், அது இலவசம். புள்ளியியல் அமைச்சகம் காலமுறை உழைப்பாளர் ஆய்வின் தனிநபர் தரவைப் பெயர் நீக்கி இலவசமாகவே தருகிறது. மூன்றாம் வருட புராஜெக்டுக்கு அதை எடுத்துத் தமிழ்நாட்டை மட்டும் பிரித்துப் பார்க்கட்டும். ஆனால் கூறு எடைகளை, அதாவது ஆய்வில் வந்த ஒவ்வொருவரும் மக்களில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண்ணைப் போடாமல் சராசரி எடுத்தால் விடை தப்பாகும். முதல்முறை தொடுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

தமிழ் வழியில் படித்தவள் என்பதால் கலைச்சொற்களுக்கு இரண்டு மொழியிலும் ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். தாளில் தமிழில் எழுதலாம், எம்.ஏ. நுழைவுத் தேர்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

மேற்படிப்பு இல்லாமல் இந்தப் பட்டம் பாதி வழிதான் என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வுக்குப் பொருளியலில் முதுகலை கட்டாயம். சென்னைப் பொருளியல் பள்ளி, டெல்லி பொருளியல் பள்ளி, இந்தியப் புள்ளியியல் நிறுவனம் எல்லாவற்றிலும் சேர எழுதும் நுழைவுத் தேர்வில் கணிதமும் வரும். வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி பக்கம் போவதென்றால் பி.ஏ. போதும்.

சேர்க்கைக்கு முன் கல்லூரியில் மூன்று கேள்வி கேள். கணிதமும் புள்ளியியலும் துணைப்பாடமா, எத்தனை செமஸ்டர்? அளவையியல் கட்டாயமா, விருப்பப்பாடமா? கணினி ஆய்வகத்தில் பொருளியல் மாணவர்களுக்கு நேரம் உண்டா? மூன்றாவதற்குத் தயங்கிப் பதில் சொன்னால் மற்ற கல்லூரிகளையும் பார். இரண்டு மூன்று இடங்களின் பாடத்திட்டத்தை எனக்கு அனுப்பிவை, தாள் வாரியாகப் பார்த்து எழுதுகிறேன். மகளையே நேரடியாக எனக்குக் கடிதம் எழுதச் சொன்னாலும் சந்தோஷம்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ரவி