ஒரே ரயிலுக்கு இரண்டு டிக்கெட்: காரைக்குடியிலிருந்து ஒரு திறந்த மடல்

ரயில் கட்டணத்தையும் முன்பதிவு விதிகளையும் தீர்மானிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடி செக்காலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்திலிருந்து சென்னைக்கு இரவு ரயிலில் இடம் பிடிப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். எத்தனையோ மனு வந்திருக்கும். நான் இப்போது புது ரயில் கேட்க வரவில்லை. ஓடுகிற ரயிலில், காலியாக இருக்கிற இடத்துக்கே நாங்கள் கொடுக்கிற இரட்டைக் காசைப் பற்றித்தான் இந்த மடல்.

நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கு ஆத்தா சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். வயது 79, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. திரும்பக் கொண்டுபோய்த் தம்பி வீட்டில் விட நானும் கூடக் கிளம்பினேன். காரைக்குடி–எழும்பூர் என்று போட்டுப் பார்த்தால் வெயிட்டிங் லிஸ்ட். அதுவும் நடுவழி ஊர்களுக்கெல்லாம் சேர்த்து ஒதுக்குகிற கூட்டுக் கோட்டாவின் லிஸ்ட். அது எவ்வளவு மெதுவாக நகரும் என்பது உங்களுக்கே தெரியும். டிக்கெட் போட்டுக் கொடுக்கிற கடைத் தம்பி, "நேரா கேட்டா கிடைக்காது ஆச்சி, பிரிச்சுப் போட்டுருவோம்" என்றார். அதே ரயில், அதே இரவு. காரைக்குடி–திருச்சி தேடினார், இடம் இருந்தது. திருச்சி–எழும்பூர் தேடினார், அதிலும் இருந்தது. முழுத் தூரத்துக்கு மட்டும் இல்லையாம்.

சரி, கிடைத்ததே போதும் என்று வாங்கிக்கொண்டோம். திருச்சி வரை எஸ் 3, திருச்சிக்கு மேல் எஸ் 9.

ஏறியதும் கீழ் பெர்த்தில் படுக்கையை விரித்துக் கொடுத்தேன். ஆத்தா படுக்கவே இல்லை. இரண்டு தாளையும் கைக்கு ஒன்றாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். இடது கையில் இருப்பது திருச்சி வரைக்கும், வலது கையில் இருப்பது திருச்சிக்கு மேலே. கண் அவ்வளவாகத் தெரியாது, அதனால் கையை வைத்து அடையாளம். "நான் பார்த்துக்கிறேன், நீங்க படுங்க" என்று எத்தனை தடவை சொன்னாலும், "நீ தூங்கிட்டா?" என்றுதான் பதில். புதுக்கோட்டை வந்தபோதே போர்வையை மடித்து ஒயர் கூடைக்குள் வைத்துவிட்டார்கள்.

திருச்சியில் நள்ளிரவு. பெட்டிக்குள்ளேயே நடந்து போகலாம் என்றால் வழியெல்லாம் ஆட்களும் மூட்டையும். பிளாட்பாரத்தில் இறங்கினோம். ஒவ்வொரு படியாக, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். ஆறு பெட்டி தூரம். பாதி தூரத்தில் நின்று, "வண்டி கிளம்பிருமா?" என்று கேட்டார்கள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. எஸ் 9 வாசலில் ஏறிக்கொண்டிருக்கும்போது பின்னாலேயே ஒரு பையன் ஓடிவந்தான். நாங்கள் மறந்துவிட்ட தூக்குவாளி அவன் கையில். திருச்சியில் ஏறியவன், ஆத்தா எழுந்துவந்த அதே கீழ் பெர்த்துதான் அவனுக்கு. "சொல்லியிருந்தா நான் இங்க வந்து படுத்திருப்பேனேம்மா, பாட்டியை ஏன் இறக்குனீங்க?" என்றான். எஸ் 9இல் எங்கள் இடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, டிடிஆர் வந்து சரிபார்த்து, ஆத்தா காலை நீட்டியபோது விருத்தாசலம் பக்கம் வந்துவிட்டோம். டிடிஆரிடம் கேட்டேன். "அது வேற டிக்கெட், இது வேற டிக்கெட், கணக்குப்படி ரெண்டு பயணம்மா" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தக் கணக்கை எழுதியவர் அவர் இல்லை.

இனி அந்தக் கணக்குக்கு வருகிறேன். காரைக்குடியிலிருந்து திருச்சி சுமார் 90 கிலோமீட்டர். ஆனால் ஸ்லீப்பரில் குறைந்தபட்சம் 200 கிலோமீட்டருக்குக் கட்டணம் வாங்குகிறீர்கள். திருச்சியிலிருந்து எழும்பூர் சுமார் 335. ஆக, 425 கிலோமீட்டர் போகிறவர் 535 கிலோமீட்டருக்குக் காசு கட்டுகிறார். மூன்றடுக்கு ஏசி என்றால் குறைந்தபட்சம் 300, இன்னும் மோசம். தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கு ஆகிற காசு குறைய வேண்டும் என்பது உங்கள் கட்டண முறையின் அடிப்படை. டிக்கெட்டை நடுவில் வெட்டினால் அந்தச் சலுகையும் வெட்டுப்பட்டுப் போகிறது. ஸ்லீப்பரில் முன்பதிவுக் கட்டணம் 20 ரூபாய் இரண்டு தடவை. அதிவிரைவு ரயில் என்றால் 30 ரூபாய் இரண்டு தடவை. உறுதியான டிக்கெட்டை ரத்து செய்தால் தலைக்குக் குறைந்தது 120 ரூபாய் பிடிப்பதும் இரண்டு தடவை. ஒரு ரயிலில் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்குகிறவரிடம் எதற்காக இத்தனை இரண்டு?

என் மகன் இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். அங்கே டிக்கெட்டைப் பிரித்து வாங்குவது காசு மிச்சம் பிடிக்கிற வழியாம். லண்டனிலிருந்து பிரிஸ்டல் போகிறவர்கள் நடுவில் டிட்காட் என்ற நிலையத்தில் பிரித்து இரண்டு டிக்கெட்டாக வாங்குவார்கள். கூட்ட நேரத்துக் கட்டணத்தில் நல்ல வித்தியாசம் வரும். ரயில் அந்த நிலையத்தில் நின்றால் போதும், இறங்க வேண்டியதில்லை. பல டிக்கெட்டைச் சேர்த்து ஒரே பயணமாகப் போகலாம் என்று அவர்கள் விதியே சொல்கிறது. அங்கே பிரித்தால் பயணிக்கு லாபம். இங்கே வேறு வழியில்லாமல் பிரிக்கிறோம், அதற்கு நாங்களே தண்டம் கட்டுகிறோம். அவர்கள் மாதிரி கட்டணத்தைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. முழு டிக்கெட்டுக்கு என்ன விலையோ அதை மட்டும் வாங்குங்கள். ஒரே ரயிலில் தொடர்ந்து போகிற இரண்டு டிக்கெட்டை ஒரே பயணமாகக் கணக்கிடுங்கள்.

இது உங்களால் முடியாத காரியமும் இல்லை. 500 கிலோமீட்டருக்கு மேல் டிக்கெட் வாங்கியவர் வழியில் இறங்கி இரண்டு நாள் தங்கிவிட்டு அதே டிக்கெட்டில் மேற்கொண்டு போக விதி வைத்திருக்கிறீர்கள். 2019 ஏப்ரலிலிருந்து, ஒரு ரயில் தாமதமாகி அடுத்த ரயிலை விட்டவருக்காக இரண்டு பிஎன்ஆரை, அதாவது இரண்டு டிக்கெட்டின் பதிவு எண்ணை, இணைக்கிற வசதியும் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டு வேறு ரயிலை இணைக்கத் தெரிந்த கணினிக்கு, ஒரே ரயிலின் இரண்டு பாதியை இணைக்க முடியாதா?

காரைக்குடியிலிருந்து சென்னைக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நன்றி. ஆனால் அது விடியும் முன்னே புறப்படுகிற பகல் வண்டி. அத்தனை நேரம் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து வர ஆத்தாவால் முடியாது. மீட்டர் கேஜ் காலத்தில் பட்டுக்கோட்டை, திருவாரூர் வழியாகச் சென்னைக்குப் போன கம்பன் எக்ஸ்பிரஸை இன்னும் பெயர் சொல்லிக் கேட்கிறவர்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். அந்தப் பாதையில் 2025 ஏப்ரலிலிருந்து தாம்பரம்–ராமேஸ்வரம் ரயில் வருவது சந்தோஷம்தான். இன்னொரு குறையும் உண்டு. மூத்த பெண்களுக்கு இருந்த பாதிக் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினீர்கள். கொரோனாவுக்காக என்றீர்கள். கொரோனா போய்விட்டது, சலுகை வரவில்லை. சலுகையும் இல்லை, நேர் டிக்கெட்டும் இல்லை, பிரித்து வாங்கினால் 110 கிலோமீட்டர் கூடுதல் காசு என்றால் 79 வயதுக்காரர் என்னதான் செய்வார்? ஊர்க் கோயில் பொங்கலுக்கு வராமல் இருந்துவிட வேண்டுமா?

பேச்சு எங்கேயோ போய்விட்டது, மன்னியுங்கள். நான் பணிவோடு கேட்பது இவ்வளவுதான். ஒரே பெயர், ஒரே ரயில், ஒரே தேதி, ஒரு டிக்கெட் முடிகிற நிலையத்தில் அடுத்தது தொடங்குகிறது என்றால், அந்த இரண்டையும் ஒரே பயணமாகக் கணக்கிடுங்கள். முழுத் தூரத்துக்கான கட்டணம் ஒரு முறை, மற்ற கட்டணங்களும் ஒரு முறை. முடிந்தவரை அதே பெர்த், இல்லாவிட்டால் அதே பெட்டி. வயதானவர்களுக்காவது அதை முதலில் செய்யுங்கள்.

வைகாசியில் வீட்டில் ஒரு கல்யாணம், ஆத்தா மறுபடி வர வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். அதற்குள் உங்களிடமிருந்து ஒரு பதில் வந்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
காரைக்குடிப் பயணி ஒருத்தி