கையில் பிடித்துச் சாப்பிட ஒரு பர்கர் தாருங்கள்

உயர்தர பர்கர் உணவகங்களை நடத்தும் உரிமையாளர்களுக்கும், அங்கே அடுப்பின் முன் நிற்கும் சமையற்கலைஞர்களுக்கும் வணக்கம்.

பெருநகரத்தில் புதிதாக ஒரு பர்கர் உணவகம் திறந்தால் நண்பர்களோடு தேடிப் போய்ச் சாப்பிட்டுப் பார்ப்பவன் நான். உங்களில் பலருடைய கைப்பக்குவத்தை மனதாரப் பாராட்டியிருக்கிறேன். அந்த உரிமையில் ஒரு குறையைச் சொல்கிறேன். உங்கள் கவனமெல்லாம் பர்கரின் மேல் எதை அடுக்கலாம் என்பதிலேயே போய்விடுகிறது. நடுவில் இருக்கும் இறைச்சி கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

1921இல் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் தொடங்கிய ஒயிட் காசில் போன்ற கடைகளால், பர்கர் அவசரத்துக்குப் பசியாற்றும் மலிவான பண்டமாகப் பரவியது. 2001இல் நியூயார்க்கில் டேனியல் புலூ என்ற பிரெஞ்சு சமையற்கலைஞர், ஒயினில் வேகவைத்த விலா இறைச்சி, வாத்தின் ஈரல், டிரஃபிள் காளான் எல்லாவற்றையும் கொத்துக்கறிக்குள் பொதிந்து ஒரு பர்கர் செய்தார். உயர்தர பர்கர் என்ற இன்றைய மோகத்துக்கு அது பெரிய தூண்டுதல். அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது, ஆடம்பரத்தை அவர் இறைச்சிக்குள்ளேயே வைத்ததுதான். அவரைப் பின்பற்றி வந்தவர்களில் பலர் அதைத் தூக்கி மேலே வைத்துவிட்டார்கள்.

பெரியவர் ஒருவர் முழுதாக வாயைத் திறந்தால் முன்பற்களுக்கு நடுவே 4 முதல் 6 சென்டிமீட்டர் வரைதான் இடைவெளி கிடைக்கும். உங்கள் பர்கர்களில் பல அதைவிட இரண்டு மடங்கு உயரம். சரிந்துவிடாமல் இருக்க நடுவே ஒரு குச்சியைக் குத்தி, பக்கத்தில் கத்தியும் முள்கரண்டியும் வைக்கிறீர்கள். வெட்டிச் சாப்பிடும்போது பன் ஒருபுறம், இறைச்சி ஒருபுறம், சாஸ் தட்டிலே. ரொட்டி, கொழுப்பு, உப்பு, ஊறுகாயின் புளிப்பு எல்லாம் ஒரே கடியில் சேர்வதற்காகத்தானே பர்கர் இருக்கிறது? உயரத்தால் அது கெடுகிறது என்றால் உயரத்தைக் குறையுங்கள்.

இறைச்சிக்கு வருகிறேன். கொத்துக்கறியில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தால்தான் சாறு நிற்கும். இது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் வாயில் வைத்தால் ரப்பரைப்போல் துள்ளும் இறைச்சியைப் பல இடங்களில் பரிமாறுகிறார்கள். கொத்துக்கறியில் உப்பை முன்கூட்டியே போட்டுப் பிசைந்தால் புரதம் கரைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தொத்திறைச்சிக்கு அந்த இறுக்கம் வேண்டும், பர்கருக்கு ஆகாது. பிசையாமல் தளர்வாகத் தட்டி, கல்லில் போடும் நேரத்தில் வெளிப்புறம் மட்டும் உப்பைத் தூவினால் போதும்.

கல்லின் சூடும் அதே அளவு முக்கியம். இறைச்சி பழுப்பேறி மணம் வருவதை 1912இல் லூயி கமீல் மைலார்டு என்ற பிரெஞ்சு வேதியியலாளர் விளக்கிய வினையின் பெயரால் குறிப்பிடுகிறோம். அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சேர்ந்து நிகழ்த்தும் அந்த மாற்றம் ஈரமான மேற்பரப்பில் நன்றாக நடக்காது. நீர் கொதிக்கும் வெப்பத்தைவிடக் கணிசமாக மேலே போக வேண்டும். கூட்ட நேரத்தில் கல் நிறைய இறைச்சியைப் பரப்பினால் கல் குளிர்ந்து, இறைச்சி தன் நீரிலேயே வேகும். அப்படி வந்த சாம்பல் நிற இறைச்சியை எந்த டிரஃபிள் எண்ணெயாலும் காப்பாற்ற முடியாது. அந்த எண்ணெயிலும் பெரும்பாலானவற்றின் மணம் செயற்கை வேதிப்பொருளால் வருவது. பட்டியலில் ‘டிரஃபிள்’ என்று எழுதுபவர்கள் அது காளானா, வாசனை எண்ணெயா என்பதையும் எழுதுங்கள். காசு கொடுப்பவருக்கு அது தெரிய வேண்டும்.

இறைச்சி முழுதும் வேகாமல் உள்ளே இளஞ்சிவப்பாக வேண்டுமா என்று கேட்கிறீர்கள். எந்த இறைச்சி, எப்போது அரைத்தது என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் பரிமாறுபவர் விழிக்கிறார். முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும்; சுட்டால் போய்விடும். அரைக்கும்போது அவை உள்ளே கலந்துவிடுகின்றன. ஈ. கோலை ஓ157 என்ற கிருமி மனிதருக்கு நோய் தருவது 1982இல் தெரியவந்ததே அமெரிக்காவில் சரியாக வேகாத ஹாம்பர்கர் வழியாகத்தான். 1993இல் அங்கே அதே கிருமியால் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்நாட்டு அரசு கொத்துக்கறியின் உட்புற வெப்பம் 71 டிகிரி செல்சியஸ் ஆக வேண்டும் என்கிறது. அரைவேக்காட்டைக் கொடுப்பதாக இருந்தால் அதன் ஆபத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும், கேட்டாலும் கொடுக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசத் தயாரில்லை.

பன் பற்றி ஒன்றுதான். எல்லாரும் வெண்ணெயும் முட்டையும் சேர்த்துச் செய்யும் பிரியோஷ் என்ற மென்மையான பன்னுக்கு மாறியிருக்கிறீர்கள். நல்லதுதான், ஆனால் வெட்டிய முகத்தை வெண்ணெயில் பொன்னிறமாக வாட்டாமல் கொடுத்தால் நாலு கடியில் ஊறிக் கிழிந்துவிடுகிறது.

எங்கள் குழுவில் இறைச்சி உண்ணாத நண்பர் ஒருவர் இருக்கிறார். அவரைப் போன்றவர்களுக்கு நீங்கள் கொடுப்பது பெரும்பாலும் உறைபனிப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொரித்த ஏதோ ஒன்று. 2016இலேயே, தாவரப் பொருள்களால் இறைச்சியைப்போலவே செய்த இம்பாசிபிள் பர்கர் நியூயார்க்கின் ஒரு நல்ல உணவகத்தில் அறிமுகமாகிவிட்டது. தாவர இறைச்சி பிடிக்காவிட்டால் காளானும் பருப்பும் கொண்டு சொந்தமாகச் செய்யலாம். இறைச்சிக்கு எடுக்கும் சிரமத்தில் பாதியை அதற்கும் எடுங்கள். அதைவிட முக்கியம், இரண்டையும் ஒரே கல்லில் சுடுகிறீர்களா என்பதைப் பட்டியலிலேயே சொல்வது. அவர் ஒவ்வொரு முறையும் கூச்சத்தோடு விசாரிக்க வேண்டியிருக்கிறது. நேரான பதில் வராத இடங்களில் உருளைக்கிழங்கு வறுவலோடு நிறுத்திக்கொள்கிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதிய உணவகம் எதுவானாலும் நாங்கள் முதலில் கேட்பது, இறைச்சியும் சீஸும் வெங்காயமும் மட்டும் உள்ள பர்கரை. சமைப்பவரின் கை எப்படிப்பட்டது என்பது அதில்தான் தெரிகிறது. பல உணவகங்களில் அப்படி ஒன்று பட்டியலில் இல்லை. இருந்தாலும் சிறுவர்களுக்கான பகுதியில் ஒளிந்திருக்கிறது. அதை எடுத்து முதல் வரியில் போடுங்கள். நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மேசைக்கு ஆவலோடு வரும் ஒரு வாடிக்கையாளன்