நூலகப் பாடவேளையைத் திரைக்குக் கொடுத்துவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2018ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் புதிய பாடநூல்கள் வந்தபோது, அவற்றில் அச்சிடப்பட்டிருந்த க்யூஆர் கோடுகளைக் கண்டு மகிழ்ந்த தமிழாசிரியர்களில் நானும் ஒருவன். இதயம் இயங்கும் விதத்தை அசையும் படமாகக் காணும் பிள்ளைக்கு அது எளிதில் விளங்குகிறது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை.

உரைநடைப் பாடத்தின் நிலை வேறு. அண்மையில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் பேரன் தமிழ்ப் பாடத்தைத் திறந்து, க்யூஆர் கோட்டின்மேல் கைப்பேசியைக் காட்டி, காணொளியைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினான். "படித்தாயா?" என்றேன். "பார்த்துட்டேன் தாத்தா" என்றான். அதே பாடத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னபோது, ஒரு நீண்ட வாக்கியத்தின் பாதியிலேயே தடுமாறி, எழுவாய் எதுவென்று தெரியாமல் நின்றுவிட்டான். அவனுக்கு அறிவில் குறையில்லை. வினைமுற்று கடைசியில் வரும் நம் மொழியில், வாக்கியம் முடியும்வரை பொருளைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் பழக்கம்தான் அவனுக்கு வாய்க்கவில்லை.

பள்ளிகளில் கணினியைப் பெருமளவில் புகுத்திய சுவீடன் அரசே, 2023இல் அச்சுப் பாடநூல்களுக்கெனத் தனியே நிதி ஒதுக்கியது. நாம் திறன் வகுப்பறைகளைக் கைவிட வேண்டியதில்லை. பல பள்ளிகளில் பெயரளவில் இருக்கும் நூலகப் பாடவேளையைத் தேர்வுப் பயிற்சிக்கோ காணொளிக்கோ கொடுத்துவிடாமல், பிள்ளைகள் தாங்கள் விரும்பிய புத்தகத்தைக் கையில் எடுத்துப் படிப்பதற்கே விடுமாறு பள்ளிக்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
மன்னார்குடி