படம் போட்டு உள்ளே காட்டும் புத்தகம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகள் படிக்க என்று சென்ற வாரம் உங்கள் இதழில் கொடுத்திருந்த புத்தகப் பட்டியலைப் பார்த்தேன். அத்தனையும் கதைப் புத்தகங்கள். நல்ல புத்தகங்கள்தான். ஆனால் என் மகளைப் போன்ற பிள்ளைகளுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

அவளுக்கு 9 வயது. கதை சொன்னால் பாதியில் எழுந்து போய்விடுவாள். டேபிள் ஃபேன் எப்படித் தலையை ஆட்டுகிறது என்று பார்க்கப் பின்மூடியைக் கழற்றிவிட்டு அதன் முன்னால் மணிக்கணக்கில் உட்காருவாள். (பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான். அதில் நான் கறார்.)

நான் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். "அம்மா, ஒரு நூல் ஊசியில இருக்கு, இன்னொண்ணு கீழ பாபின் உருளையில இருக்கு. ரெண்டும் எப்படிப் பின்னிக்குது?" என்று ஒருநாள் கேட்டாள். 20 வருடமாகத் தைக்கிறேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். இயந்திரங்களைக் குறுக்கே வெட்டினாற்போல உள்ளே காட்டும் பெரிய படப் புத்தகம் ஒன்று கிடைத்தது. அதில் தையல் மெஷினும் இருந்தது. அடிவரை இறங்கிய ஊசி லேசாக மேலே எழும்போது நூல் சின்ன வளையமாகப் புடைக்கிறது. பாபினைத் தாங்கும் ஷட்டிலின் கூர்முனை அந்த வளையத்தைப் பிடித்து, பாபினைச் சுற்றிக் கொண்டுபோய் விடுகிறது. வீட்டுக்கு வந்ததும் மெஷின் தகட்டை நகர்த்திவிட்டு நான் சக்கரத்தைக் கையால் மெல்ல உருட்ட, அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள். "வந்துடுச்சும்மா, வளையம் வந்துடுச்சு!"

அன்றிலிருந்து புத்தகம் வாங்குமுன் வீட்டில் இருக்கும் ஒரு பொருளின் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுகிறேன். பிரஷர் குக்கர் என்றால், யார் கண்டுபிடித்தார், எந்த ஊர்க்காரர் என்பதோடு முடிந்தால் வைத்துவிடுவேன். வெயிட் ஆவியை அடக்குவதால் உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கிறது, அதனால்தான் பருப்பு சீக்கிரம் வேகிறது என்று படத்தோடு சொன்னால் வாங்குவேன். அட்டையில் போட்டிருக்கும் வயதைப் பார்ப்பதில்லை. தையல் மெஷினோடு வந்த கையேட்டையே அவள் கிழியும்வரை படித்திருக்கிறாள்.

அப்புறம், செய்து பார்க்கும் புத்தகங்கள். வேண்டாத பொருட்களில் பொம்மை செய்து அறிவியல் சொல்லித்தரும் அரவிந்த் குப்தாவின் புத்தகங்களை அவரது இணையதளத்தில் காசில்லாமலே எடுக்கலாம். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப் துண்டையும் கோத்து ஒரு சதுரம் செய்தால் அழுத்தியதும் சாய்கிறது, முக்கோணம் அசையாமல் நிற்கிறது. பாலத்திலும் கிரேனிலும் ஏன் அத்தனை முக்கோணம் என்று அவளே கண்டுகொண்டாள்.

நூலகத்தில் பார்த்த அந்தப் படப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. படத்தைப் புரிந்துகொண்டாள், பக்கத்தில் எழுதியிருந்ததை அவளால் படிக்க முடியவில்லை. அதுபோலப் பெரிய படங்களோடு தமிழில் எங்கே கிடைக்கும் என்று ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் கடை கடையாகக் கேட்டேன். விஞ்ஞானிகள் வாழ்க்கை வரலாற்றைத்தான் எடுத்து நீட்டினார்கள். பதிப்பாளர்கள் உங்கள் இதழைப் படிப்பார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். அடுத்த பட்டியலில் ஸ்குரூடிரைவர் பிடிக்கும் பிள்ளைகளுக்கும் நான்கு புத்தகம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அயனாவரம், சென்னை.