தோற்கும் இரவுக்கும் ஒரு திட்டம் வேண்டும்

கால்பந்துக் கழக நிர்வாகிகளுக்கும் போட்டி அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். ஜெயித்தால் என்ன செய்வது என்று உங்களிடம் நிமிடக் கணக்கில் திட்டம் இருக்கிறது. வாணவேடிக்கை எப்போது, பாட்டு எப்போது, கோப்பையை யார் தூக்குவது என்று எல்லாம் தயார். தோற்றால் செய்ய வேண்டியதை எழுதிவைத்த ஒரு தாள் எத்தனை மைதானங்களில் இருக்கிறது? ரசிகர்களோடும் மைதான முதலுதவிக் குழுக்களோடும் வேலை செய்கிற நாங்கள் அந்தத் தாளுக்காகவே எழுதுகிறோம்.

அணி ஜெயித்தால் "நாம ஜெயிச்சோம்" என்பதும் தோற்றால் "அவங்க தோத்துட்டாங்க" என்பதும் மனித இயல்பு. அமெரிக்கக் கல்லூரி அணிகளின் ரசிகர்களிடம் உளவியலாளர் ராபர்ட் சியால்டினியின் குழு 1976-இல் இதைப் பதிவு செய்தது. சாதாரண ரசிகர் இப்படி நழுவித் தப்பித்துக்கொள்வார். அணியோடு ஊறிப்போனவருக்கு அந்த வழி இல்லை. அவருக்கு எப்போதும் "நாம"தான். மழையிலும் வெயிலிலும் உங்கள் இருக்கைகளை நிரப்புகிற அவர்மீதுதான் முழு அடியும் விழுகிறது.

அந்த அடி மனதோடு நிற்பதில்லை. 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் வட்டாரத்தில் இதய அவசர நிலைகள் 2.66 மடங்காயின. ஆட்டம் தொடங்கிய முதல் 2 மணி நேரத்தில்தான் உச்சம், அதுவும் ஜெர்மனி ஜெயித்த ஆட்டங்களிலும். 1998-இல் அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் இங்கிலாந்து தோற்ற நாளிலும் அடுத்த 2 நாட்களிலும் அங்கே மாரடைப்பு அனுமதிகள் 25% கூடின.

எனவே முதலில், துடிப்பு நின்றவரின் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தந்து மீட்க உதவும் இதய அதிர்வுக் கருவி (AED). அது இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எங்கே என்றால் அலுவலக அலமாரியில், சாவி இன்னொருவரிடம்! தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10% பறிபோகிறது. கடைசி வரிசை இருக்கையிலிருந்து ஓடிப்போய் எடுத்து வர 3 நிமிடத்துக்குமேல் ஆகக்கூடாது. இந்தச் சோதனையைக் காலி மைதானத்தில் செய்து பயனில்லை. படிக்கட்டில் ஆள் நிறைந்திருக்கும் இடைவேளையில் செய்து பாருங்கள். கருவி வரும்வரை நெஞ்சின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த ஒவ்வொரு பகுதியிலும் பழகிய ஆள் நிற்க வேண்டும்.

அடுத்தது வாசல். 2022 அக்டோபர் 1 அன்று இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் மைதானத்தில் உள்ளூர் அணியின் தோல்விக்குப் பிறகு 135 பேர் செத்தார்கள். ரசிகர்கள் இருந்த பகுதியில் கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. தப்பி ஓடியவர்கள் குறுகிய வாசல்களில் நசுங்கினார்கள். மைதானத்துக்குள் கண்ணீர்ப்புகை கூடாது என்பது ஃபிஃபாவின் பாதுகாப்பு விதியிலேயே உண்டு. காவல்துறையோடு போட்டிக்கு முன்பே அதை எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆட்டம் முடிய 15 நிமிடம் இருக்கும்போதே எல்லா வாசலும் திறந்திருக்கட்டும். வாசலுக்கு ஓர் ஆள் கடைசிவரை நிற்கட்டும்.

வீட்டையும் மறக்க வேண்டாம். 2002, 2006, 2010 உலகக் கோப்பைகளின்போது இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரக் காவல் பதிவுகளை ஆராய்ந்ததில், இங்கிலாந்து தோற்ற நாட்களில் குடும்ப வன்முறைப் புகார்கள் 38% கூடியிருந்தன. ஜெயித்த, டிரா ஆன நாட்களில்கூட 26%. உதவி எண்ணைப் பெரிய திரையில் போட்டால் பக்கத்தில் கணவர் இருக்கும்போது எந்தப் பெண் குறித்துக்கொள்வார்? பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள்.

தோற்ற இரவில் பந்தய விளம்பரக் குறுஞ்செய்தி அனுப்பாதீர்கள். விட்டதைப் பிடிக்கிற ஆத்திரம் அப்போதுதான் தலைக்கேறியிருக்கும். பெனால்டியைத் தவறவிட்டவரின் படத்தையும் பதிவிடாதீர்கள். 1994 உலகக் கோப்பையில் சொந்த வலைக்குள் பந்தைத் தட்டிவிட்ட கொலம்பிய வீரர் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் 10 நாளில் சுட்டுக் கொல்லப்பட்டதை நினைவில் வையுங்கள்.

ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்களுக்கான உரிம விதிகள் கேட்கிற ரசிகர் தொடர்பு அலுவலர் பதவியை டிக்கெட் விற்பவருக்குக் கூடுதல் வேலையாகத் தராதீர்கள். கத்துகிறவரைவிட, விளக்கு அணைந்த பிறகும் எழாமல் உட்கார்ந்திருப்பவரைத்தான் அவர் கவனிக்க வேண்டும். "வெறும் ஆட்டம்தானே" என்று சொல்லக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்டுக்கு எப்படிப் போறீங்க? வீட்ல யார் இருக்காங்க?" என்று கேட்கலாம். பதில் கலங்கினால், சாக நினைக்கிறாரா என்றும் நேராகவே கேட்க வேண்டும்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆம் என்றால், உதவி வரும்வரை தனியே விடக்கூடாது.

அடுத்த சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன் அந்தத் தாளைத் தயார் செய்து ரசிகர் மன்றங்களிடம் கொடுங்கள். கருவி வந்துசேரும் நேரத்தைக் கணக்கிட உங்களோடு படியேறி இறங்க நாங்கள் வருகிறோம்.

இப்படிக்கு,
ரசிகர் நலப் பணியாளர்களும் மைதான முதலுதவியாளர்களும்