152 துளிகள்

பொகவந்தலாவை
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

சித்திரையில் நீ எழுதிய கடிதம் இன்னும் என் மேசை மேலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிறும் பதில் எழுத உட்கார்ந்து, விடைத்தாள் கட்டைக் கண்டதும் எழுந்துவிட்டேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், நம்பவும் வேண்டாம். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால்தான் மழை வருவதை முதல் நாளே எங்களுக்கு அறிவித்துவிடுகிறது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

இன்று எழுதுவதற்குக் காரணம் வேறு. நான் ஒரு களவு செய்து பிடிபட்டுவிட்டேன்.

இரசாயனவியல் ஒலிம்பியாட் என்ற சர்வதேசப் போட்டிக்கு நாட்டின் அணியைத் தெரிவு செய்வது பற்றிய அறிவித்தல் ஒன்று பாடசாலைக்கு வந்தது. அதிபர் அதை என்னிடம் தந்தார். நான் வாசித்தேன், மடித்தேன், ஆய்வுகூட மேசை லாச்சிக்குள் வைத்து அதன் மேல் பழைய செய்முறைக் கொப்பி ஒன்றையும் வைத்து மூடினேன். பதினொரு நாள் அது அங்கேயே கிடந்தது. கொழும்பிலும் கண்டியிலும் நல்ல ஆய்வுகூடங்களில் கை பழகிய பிள்ளைகளுக்கு நடுவில் எங்கள் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, முகம் வாடித் திரும்பும் அந்த பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்து வர எனக்குத் தைரியம் இல்லை. இதற்குக் கரிசனை என்று நானே பெயரும் வைத்துக்கொண்டேன். நமக்குப் படிப்பித்த தாடி சேர் இருந்திருந்தால் வேறு பெயர் சொல்லியிருப்பார். அது உனக்குத் தெரியும், கடிதத்தில் எழுத முடியாது.

பன்னிரண்டாம் நாள் அந்தக் கொப்பியை எடுக்க நானே அவளை அனுப்பினேன். என் மூளையின் இலட்சணம் அவ்வளவுதான். கொப்பியோடு அறிவித்தலையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஏன் மறைத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. "இதுக்கு வயசெல்லை இருக்கா சேர்?" என்று மட்டும் கேட்டாள். கோபித்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

யார் இவள் என்று கேட்பாய். வெப்பமானி பழுது என்று சொல்லிக்கொண்டு வந்தவளைப் பற்றி முன்பு ஒருநாள் தொலைபேசியில் சொன்னேனே, அவள்தான். தங்கள் தோட்டத்து லயத்து வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் போது 96 பாகையைத்தான் காட்டுகிறது என்று முறையிட வந்தாள். பழுதென்று எப்படித் தெரியும் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் கடையில் ஐஸ் வாங்கி உருகவிட்டு, அதில் சரியாகப் பூச்சியம் காட்டுகிறது என்று கண்டு, பழுது வெப்பமானியில் இல்லை, மலையில்தான் இருக்கிறது என்ற முடிவோடு வந்தாள். ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் கொதிநிலை ஒரு பாகை குறையும் என்று சொல்லிக்கொடுத்தேன். உடனே தன் லயம் கடலிலிருந்து 1200 மீற்றர் உயரம் என்று கணக்குப் போட்டுவிட்டு, "அப்ப நம்ம ஊர்ல பருப்பு வேகாததுக்கு அம்மா விறகைத் திட்டுறது பிழைதானே சேர்" என்றாள்.

இன்னொரு நாள் என்னோடு சண்டைக்கே வந்தாள். அவளுடைய மாமா ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறார். அங்கே காவல் தெய்வமான ரோதமுனிக்குப் பூசை வைத்த நாளில் உள்ளே போய், உருட்டிய கொழுந்து செம்பு நிறமாக மாறுவதைப் பார்த்துவிட்டு வந்தவள், இதை எல்லோரும் ஏன் நொதித்தல் என்று சொல்கிறார்கள் என்று கேட்டாள். மதுவம் (ஈஸ்ட்) இல்லை, வாயு வரவில்லை, காற்றுப் பட்டால்தான் நிறம் மாறுகிறது. அப்படியானால் இது ஒட்சியேற்றம்தானே என்பது அவள் வாதம். சும்மா சொல்லவில்லை. இரண்டு கொழுந்தை எடுத்து, ஒன்றை அப்படியே கசக்கியிருக்கிறாள், மற்றதை முதலில் கேத்தல் ஆவியில் பிடித்துவிட்டுக் கசக்கியிருக்கிறாள். முதலாவது சிவந்தது, இரண்டாவது பச்சையாகவே நின்றது. இலைக்குள் இருக்கும் நொதியம் சூட்டில் செத்துப்போனால் கொழுந்தின் கற்றெக்கின், தேநீருக்கு நிறம் தரும் தியாபிளேவினாக மாறாது என்றும், பச்சைத் தேயிலையின் இரகசியமே அதுதான் என்றும் நான் சொல்ல வாயெடுத்த போது, அவள் பாதியை ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தாள். பரம்பரை பரம்பரையாகக் கொழுந்து பறித்தவர்கள் நாம். அது கூடையை விட்டு இறங்கிய பிறகு என்ன ஆகிறது என்று நம் வீடுகளில் யார் கேட்டார்கள்? நானும் கேட்டதில்லை, நீயும் கேட்டதில்லை. பிளேன்டீயில் தேசிக்காய் பிழிந்தால் சாயம் வெளுக்கிறது, அப்பச்சோடா போட்டால் கறுக்கிறது, ஆகவே தேயிலையே அமிலமா காரமா என்று நிறத்தால் சொல்லும் ஒரு காட்டி என்று இப்போது வகுப்பில் பிரசாரம் செய்கிறாள். பையன்கள் அவளுக்கு லிட்மஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

சரி, போட்டிக்கு வருகிறேன். 1968 ஆம் ஆண்டு பிராக் நகரில் செக்கோசிலோவாக்கியா, போலந்து, ஹங்கேரி என்ற மூன்று நாடுகளோடு தொடங்கியதாம். அந்தக் காலத்தில் நம் தாத்தாமார் இந்தியாவா இலங்கையா என்று விண்ணப்பப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள் என்ற நினைப்பு வராமல் என்னால் அதை வாசிக்க முடியவில்லை. இப்போது ஒரு நாட்டுக்கு நான்கு பேர். இருபது வயதுக்குள் இருக்க வேண்டும், பல்கலைக்கழகத்தில் சேர்ந்திருக்கக் கூடாது. ஐந்து மணித்தியாலம் எழுத்துப் பரீட்சை, இன்னொரு நாள் ஐந்து மணித்தியாலம் செய்முறை. வினாத்தாளை ஒவ்வொரு நாட்டு வழிகாட்டி ஆசிரியர்களும் விடிய விடிய இருந்து தங்கள் பிள்ளைகளின் மொழிக்கு மாற்றிக் கொடுப்பார்கள் என்றேன். "அப்ப தமிழிலயும் வருமா சேர்?" என்றாள். தமிழில் எழுதும் பிள்ளை ஒன்று அணியில் இருந்தால் யாராவது ஒருவர் நித்திரை முழித்துத்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, சொன்னது சரியா பிழையா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு அவள் கேட்ட கேள்விதான் என்னை ஆட்டிவிட்டது. அந்த நான்கு பேரும் பரீட்சை எழுதும் போது ஒருவரோடு ஒருவர் பேசலாமா என்று கேட்டாள். கூடாது, அணி என்று பெயர்தான், புள்ளியும் பதக்கமும் தனித்தனி ஆளுக்கு என்றேன். முகம் சட்டென்று விழுந்துவிட்டது. எனக்கு விளங்கவில்லை. பதக்கம் தனியாகக் கிடைப்பதில் என்ன கவலை? மெதுவாகத்தான் வந்தது. தரம் 12 இல் இரசாயனவியல் படிப்பவர்கள் ஏழு பேர். மற்ற ஆறு பேருக்கும் கடந்தகால வினாத்தாள் போதும். அவளுக்குத் தேவை, சொன்னதை மறுத்துப் பேச மூன்று பேர். பயிற்சியில் என்றாலும் பேச விடுவார்களா என்று கேட்டாள். விடுவார்கள், அதற்குத்தானே பயிற்சி என்றதும்தான் முகம் தெளிந்தது. மச்சான், இந்தப் பள்ளிக்கூடத்தில் நான் அரட்டை அடிக்கவும் ஆள் உண்டு, அரசியல் பேசவும் ஆள் உண்டு. இரசாயனவியல் பேசி எவ்வளவு காலம் என்று அன்று இரவு எண்ணிப் பார்த்துவிட்டுப் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

என் பயமெல்லாம் செய்முறையைப் பற்றித்தான். சர்வதேசப் போட்டியில் நூறு புள்ளியில் நாற்பது அதற்கு. நம் உயர்தரத்தில் 50 பல்தேர்வு வினாவும் கட்டமைப்பு வினாவும் கட்டுரையும் எழுதி, துளித்துளியாக அளந்துவிடும் அளவியை ஒருநாளும் தொடாமலே ஒரு பிள்ளை ஏ சித்தி எடுத்துவிடலாம்; நான் படிப்பித்த பிள்ளைகளில் எடுத்தவர்கள் இருக்கிறார்கள், அதற்காகப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். எங்கள் ஆய்வுகூடத்தில் இருப்பது ஒரே ஒரு அளவி. அதன் திருகி அடைக்காது, திறந்தால் நிற்காது.

இதைக் கேட்டுவிட்டுப் போனவள், பாவிக்காமல் காலாவதியான சேலைன் குழாய் ஒன்றைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கி வந்தாள். அதில் உருளையைத் திருப்பித் துளியைக் கட்டுப்படுத்தலாம் அல்லவா? உறையிலேயே ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி என்று போட்டிருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளிய வைத்த நீரை மேலே கட்டினாள். வினாகிரியைத் தண்ணீர் சேர்த்துப் பத்து மடங்கு ஐதாக்கி, ஊசியில்லாத சிரிஞ்சியால் ஐந்து மில்லிலீற்றர் எடுத்துத் தேநீர்க் கண்ணாடியில் விட்டாள். நிறம் மாறி முடிவைக் காட்டும் பினோத்தலீன் மட்டும் என்னுடையது. நிறம் மாற எத்தனை துளி என்று மூன்று முறை எண்ணினாள்: 151, 153, 152. கம்பசில் நமக்கு அந்த மூன்று வாசிப்பும் அவ்வளவு கிட்ட வர எத்தனை வாரம் எடுத்தது என்று ஞாபகம் இருக்கிறதா? நீ கொப்பியில் திருத்தி எழுதிய வாசிப்புகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்குப் போட்டதில் அசற்றிக் அமிலம் நூற்றுக்கு 4.2 என்று வந்தது. போத்தலில் 4 என்று இருக்கிறது. நான் சந்தோஷப்பட்டுக் கைதட்டினேன். அவள் சந்தோஷப்படவில்லை, பொய் சொல்வது போத்தலா தானா என்று தெரிய வேண்டும் என்றாள். இரண்டு நாள் கழித்து வந்து, தான்தான் என்று ஒப்புக்கொண்டாள். சுண்ணாம்பு நீரை முதல் நாள் இரவு அடுப்படியில் திறந்தபடி வைத்திருக்கிறாள். காலையில் மேலே வெள்ளைப் படலம். புகையில் இருந்த காபனீரொட்சைட்டு சுண்ணாம்பைக் கல்சியம் காபனேற்றாக்கிப் படியவைத்துவிட்டதால் நீரின் செறிவு அவள் நினைத்ததை விடக் குறைந்து, அதனால் துளிகள் கூடுதலாகத் தேவைப்பட்டு, அமிலம் அதிகம் போலத் தோன்றியிருக்கிறது. நான் சொல்லிக்கொடுக்காத விடை இது. நானே யோசிக்காத விடை என்றும் எழுதிவிடுகிறேன். உன்னிடம் மறைத்து என்ன?

அவளுடைய அம்மாவைப் பார்க்க லயத்துக்குப் போனேன். போட்டி என்றால் வலைப்பந்து மாதிரியா, அடிபடுமா என்று முதலில் கேட்டார். அடிபடாது என்றதும் அடுத்த கேள்வி: இதில் வென்றால் கம்பசுக்குப் புள்ளி சேருமா? அதற்கு மேல் நான் என்ன பேசுவது? கம்பசுக்கு எடுபடும் இசட் புள்ளியில் அரைக்கால் புள்ளிகூடச் சேராது. அதிபரும் இதையேதான் சொன்னார்: அடுத்த வருடம் உயர்தரம், முதலில் அது, பிறகு மற்றது. அவர் சொல்வதில் பிழை இல்லை, அதுதான் தொல்லை. இந்த மலையிலிருந்து இறங்க ஒரு பிள்ளைக்கு ஒரு பாதைதான் இருக்கிறது. அந்தப் பாதையில் நடந்துகொண்டிருப்பவளைக் கூப்பிட்டு, பக்கத்தில் ஒரு நல்ல காட்சி இருக்கிறது பார் என்று காட்டுகிறேனா? அதுவும் அவளுக்காகவா, எனக்காகவா? உனக்கு அன்று கிடைத்த இடத்துக்கு நீ போகாமல் இருந்தாயே, அந்தக் கதையை அவளை வைத்து எழுதி முடிக்கப் பார்க்கிறேனோ என்றும் சந்தேகம் வருகிறது. கோபித்துக்கொள்ளாதே. நாம் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

கடைசியில் முடிவெடுத்தவர் அம்மாதான். தானும் கூட வருவதென்றால் அனுப்புவதாகச் சொன்னார். இரண்டு நாள் கொழுந்து பறிக்க மலைக்குப் போகாவிட்டால் இரண்டு நாள் பேரும் சம்பளமும் போய்விடும் என்று நான் நினைவூட்டினேன். அரைச் சம்பளத்துக்கு அரைப்பேர் போட்ட நாட்களெல்லாம் போகவில்லையா, இதுவும் போகட்டும் என்றுவிட்டு எனக்குத் தேநீர் ஊற்றப் போனார். தண்ணீர் 96 பாகையில்தான் கொதித்திருக்கும்.

ஆகவே உன்னிடம் கேட்பது இதுதான். அடுத்த மாதம் எழுத்துத் தேர்வுக்குத் தாயும் மகளும் கொழும்புக்கு வருகிறார்கள். இரண்டு இரவு உன் வீட்டில் தங்க வேண்டும். தங்கச்சியிடம் நீ கேட்காதே, என் கடிதத்தைக் கொடு, காரியம் நடக்கும். உங்கள் பெயின்ட் கம்பனி ஆய்வுகூடத்தில் ஒதுக்கிப்போட்ட அளவி ஒன்று இருந்தால் முறைப்படி கேட்டு வாங்கி வை. விளிம்பு உடைந்திருந்தாலும் பரவாயில்லை, திருகி மட்டும் சரியாக இருக்க வேண்டும். சேலைன் குழாயில் முழுத்துளிதான் விழும். முனையில் பாதித் துளியைத் தொங்கவிட்டு, குடுவைச் சுவரில் தொட்டு, வடிநீரால் கழுவி இறக்கும் அந்த வித்தையை எனக்குச் சொல்லித்தந்தவன் நீ. என் கை இப்போது நடுங்குகிறது, அவளுக்கு நீதான் காட்டவேண்டும். உன் சமையலறை மேசை போதும். வெள்ளி நைத்திரேற்றை மட்டும் வெளியே எடுக்காதே. பெண் பார்க்கப் போன அன்று உன் விரல்கள் இருந்த கோலத்தைத் தங்கச்சி இன்னும் மறந்திருக்கமாட்டார்.

இன்னொன்று. அவள் ஏதாவது சொன்னால் உடனே சரி என்று தலையாட்டாதே. மறுத்துப் பேசு. உனக்கு அது இயல்பாகவே வரும்.

உன்னிடம் கேட்கச் சொல்லி ஒரு கேள்வியும் தந்திருக்கிறாள். சீனி சுடுநீரில் கூடுதலாகக் கரைகிறது, சுண்ணாம்பு மட்டும் ஏன் சூட்டில் குறைவாகக் கரைகிறது? கரையும் போது வெப்பம் வெளிவருவதால் என்று லே சாட்டலியர் தத்துவத்தைச் சொன்னேன். அது என்ன நடக்கிறது என்பதற்கான பதில் சேர், ஏன் என்பதற்கு இல்லை என்கிறாள். ஒரு வாரமாக அயன்களையும் நீரையும் வரைந்து பார்க்கிறேன், எனக்கே திருப்தி இல்லை. பதிலை எனக்கு எழுதாதே, அவள் பெயருக்கே பாடசாலை விலாசத்துக்கு எழுது. இம்முறை லாச்சிக்குள் வைக்கமாட்டேன்.

என்றும் உன்
கூம்புக்குடுவை