செயலாளரின் ஆண்டறிக்கை: மின்னஞ்சல் கடிதங்களை அச்சிட்டுக் கோப்பில் சேர்த்த பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

குழுக் கூட்டங்கள் முறைப்படி நடந்தேறின. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். செயலகத்தின் நேரத்தை இவ்வாண்டு மிகுதியாக எடுத்துக்கொண்ட ஒரு பணியைப் பற்றியே நான் விரிவாகக் கூற விரும்புகிறேன்.

சங்கத்தின் கடிதப் போக்குவரத்து முழுவதும் மின்னஞ்சலுக்கு மாறிவிட்டது. எனினும் திரையில் படிக்க இயலாத மூத்த உறுப்பினர்களுக்கும், தணிக்கைக் கோப்புக்கும் தாளில் படி வேண்டியிருக்கிறது. நாம் பயன்படுத்தும் மின்னஞ்சல் மென்பொருளில் ஓரம், எழுத்தளவு, பக்க எண் ஆகிய எதையும் மாற்ற வழியில்லை. 'சம்மதம்' என்ற ஒரு சொல் பதிலை அச்சிட்டாலும், அதன் கீழுள்ள பழைய கடிதங்கள் அனைத்தும் சேர்ந்தே வருகின்றன. சந்தா நிலுவைப் பட்டியலை அச்சிட்டபோது வலக்கோடியிலிருந்த தொகைப் பத்தி வெட்டுப்பட்டது. அதைக் கவனியாமல் மூத்த உறுப்பினர்களுக்கு அனுப்பிவிட்டமைக்கு வருந்துகிறேன்.

வெட்டுப்பட்ட காரணம் எளியது. இணைய உலாவியின் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 96 பிக்சல், அதாவது திரைப்புள்ளி; 210 மில்லிமீட்டர் அகலமுள்ள ஏ4 தாளில் இருபுறமும் 10 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் எஞ்சுவது ஏறத்தாழ 718 பிக்சல். நம் பட்டியலின் அகலமோ 1000 பிக்சல். ஆகவே கடிதத்தை உலாவியில் திறந்து, அதன் அச்சுப் பகுதியில் அளவை 70 விழுக்காடாகக் குறைத்ததும் பட்டியல் முழுமையாக விழுந்தது. தேவையான பகுதியை மட்டும் தெரிவு செய்து அச்சிடவும், பக்க எண்ணைக் குறிப்பிட்டு முதல் பக்கத்தை மட்டும் எடுக்கவும் அங்கேயே இடமுண்டு.

கடிதத்தை நகலெடுத்துச் சொற்செயலியில் ஒட்டி அச்சிடலாம் என்று சிலர் யோசனை கூறினர். சுற்றறிக்கைக்கு அது பொருந்தும். நானும் அவ்வாறே செய்கிறேன். ஆனால் தீர்மானத்துக்கு ஒப்புதல் தரும் கடிதத்தில் அனுப்பியவர், பெறுநர், நாள், பொருள் என்னும் நான்கு வரிகளே சான்று. ஒட்டும்போது அவை விடுபடுகின்றன. அல்லது எவரும் திருத்தக்கூடிய வெறும் எழுத்தாகிவிடுகின்றன. அத்தகைய கடிதங்களுக்கு இம்முறையை நான் ஏற்கவில்லை. அவற்றை மூலவடிவில், அந்த நான்கு வரிகளும் அடங்கிய இஎம்எல் என்னும் மின்னஞ்சல் கோப்பாகச் சேமித்து, பிறகே பிடிஎஃப் ஆக மாற்றி அச்சிடுகிறோம். நெடுநாள் காப்புக்கென 2005இல் பன்னாட்டு (ஐஎஸ்ஓ) தரமாக வெளியான பிடிஎஃப்-ஏ வடிவம் எழுத்துருவையும் தன்னுள் பதித்துக்கொள்வதால், வேறொரு கணினியில் அச்சிட்டாலும் தமிழ் எழுத்துகள் கட்டங்களாக மாறுவதில்லை.

கடிதத்தை அச்சிடும்போது அதன் இணைப்புகளும் உடன் அச்சாகும் என்று எண்ண வேண்டாம். அவற்றைத் தனித்தனியே திறந்து அச்சிட்டு, தாய்க்கடிதத்தின் கோப்பு எண்ணை மேல்மூலையில் பேனாவால் குறித்து வருகிறோம். மெதுவான வேலைதான், ஆயினும் தணிக்கையின்போது கேட்ட தாள் உடனே கைக்குக் கிடைத்தது.

உறுப்பினர்களிடம் ஒரு வேண்டுகோள். புதிய செய்தியைப் பழைய கடிதத்துக்குப் பதிலாக எழுதாமல், தனிக் கடிதமாக, உரிய பொருள் வரியுடன் அனுப்பி உதவுங்கள்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குப் பணிவுடன் முன்வைக்கிறேன்.

செயலாளர்